விதைக்கக் கடன் எங்கே, விளைந்ததற்கு விலை எங்கே: சிறு விவசாயி தட்டிப் பார்க்க வேண்டிய கதவுகள்

எங்கள் வயலில் அறுவடை இயந்திரம் இறங்குவதற்கு முன்பே வியாபாரியின் லாரி வந்து நின்றுவிடும். அப்பா அவரைக் கூப்பிட்டதாக நினைவில்லை. நாற்றங்கால் விடும்போது கைநீட்டி வாங்கிய அறுபதாயிரம்தான் அவரைக் கூட்டிவரும். "வட்டியெல்லாம் நமக்குள்ள எதுக்குண்ணே, நெல்லை மட்டும் நம்மகிட்ட போட்டுடுங்க" என்பார். அவர் கையில் நீளவாக்கில் ஒரு நோட்டு இருக்கும். அதில் எங்களுக்கென்று ஒரு பக்கம்: தேதி, தொகை, அப்பாவின் கையெழுத்து. வட்டிக்கென்று ஒரு கட்டம் அந்தப் பக்கத்தில் இல்லவே இல்லை. அதைப் பார்த்துத்தான் அப்பா அவரை நல்லவர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கணக்கை 2025-26 விலையில் போட்டுப் பார்க்கலாம். 3 ஏக்கரில் 60 குவிண்டால் நெல் என்று வையுங்கள். ஒரு குவிண்டால் 100 கிலோ. அந்தக் கொள்முதல் பருவத்தில் பொது ரக நெல்லுக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். தமிழ்நாடு அரசு ஊக்கத்தொகையாக 131 சேர்த்து 2,500 தந்தது. களத்தில் வந்து எடுக்கும் வியாபாரி 2,300 போடுகிறார் என்றால் குவிண்டாலுக்கு 200 குறைவு. 60 குவிண்டாலுக்கு 12,000. அறுபதாயிரத்துக்கு ஐந்து மாதத்தில் பன்னிரண்டாயிரம் என்பது நூற்றுக்கு மாதம் 4 ரூபாய். ஊரில் "நாலு வட்டி" என்று சொன்னால் எவரும் முகம் சுளிப்பார்கள். அதே நாலு வட்டியை நெல் விலைக்குள் ஒளித்து வைத்தபோது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

வியாபாரிக்கும் நியாயம் செய்ய வேண்டும். சாக்கு அவருடையது, ஏற்றுகூலி அவருடையது, லாரி வாடகை அவருடையது, காயப்போடும் வேலையும் நமக்கு மிச்சம். இதற்கெல்லாம் குவிண்டாலுக்கு 50 ரூபாயைக் கழித்துவிட்டாலும் 9,000 நிற்கிறது. அதாவது மூன்று வட்டி.

இதனால்தான் கடனையும் விற்பனையையும் தனித்தனிக் கேள்வியாகப் பார்க்கக் கூடாது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எந்த வாசலில் கடன் வாங்கினோமோ அதுதான் எந்த வாசலில் விற்போம் என்பதைத் தீர்மானிக்கிறது. கூட்டுறவுச் சங்கம், வங்கி, ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், கொள்முதல் நிலையம், விவசாயிகளே பங்கு போட்டு நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் எல்லாமே விவசாயிக்காக இருப்பவைதான். ஆனால் எது எப்போது, யாருக்கு உதவும் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நான் பார்த்தவரை, பழகியவரை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

கடன்: நான்கு வாசல்கள்

முதலில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். ஊரில் வெறுமனே "சொசைட்டி". இந்தியாவின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-இல் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில்தான் தொடங்கியது. நூற்றிருபது வருடத்துக்கு மேல் பழகிய ஏற்பாடு இது. 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனைக் கெடுவுக்குள் திருப்பிக் கட்டினால் தமிழ்நாட்டில் விவசாயி ஒரு ரூபாய் வட்டியும் கொடுக்க வேண்டாம், அரசு ஏற்றுக்கொள்கிறது. மேலே சொன்ன அறுபதாயிரத்துக்கு இங்கே செலவு பூஜ்யம். இதைவிட மலிவான பணம் வேறு எங்கும் கிடையாது, அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் சொசைட்டிக் கடனுக்கென்று ஒரு கூறு உண்டு. நாம் கேட்கும் தொகை கிடைக்காது. ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு ஆண்டுதோறும் கடன் அளவு நிர்ணயிக்கிறது, அதற்குள்தான் தருவார்கள். ஒரு பகுதி ரொக்கமாகவும் ஒரு பகுதி உரமாகவும் வரும். நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டா, அதில் என்ன பயிர் என்று காட்டும், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கும் அடங்கல், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் வேண்டும். உறுப்பினராக இல்லாதவர் முதலில் உறுப்பினராக வேண்டும். நடவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது போய் நின்றால் பணம் களையெடுப்புக்குத்தான் கைக்கு வரும். அந்த ஒரு மாத இடைவெளியில்தான் வியாபாரியின் நோட்டு உள்ளே நுழைகிறது. பலபேர் சொசைட்டியைக் குறை சொல்வது இந்தத் தாமதத்துக்காக. அந்தத் தாமதத்தில் பாதி, நாம் தாமதமாகப் போவதால் வருவது.

கெடுவையும் சொல்லியாக வேண்டும். ஒரு வருடம் எங்கள் வீட்டுக் கடனின் கெடு ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. அம்மா திங்கட்கிழமை பணத்தோடு போனார். மூன்றே நாள். ஒரு வருட வட்டி முழுவதும் எங்கள் தலையில் விழுந்தது. எழுத்தர் நல்ல மனிதர், வருத்தப்பட்டார். கணினியில் தேதி போய்விட்டால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு நாட்காட்டியில் கெடு தேதிக்குப் பதினைந்து நாள் முன்னால் ஒரு சிவப்பு வட்டம் இருக்கும்.

தள்ளுபடியையும் பேசாமல் விட முடியாது. 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி என்று அறிவிக்கப்பட்டது. அந்த வருடம் அது பலரைக் காப்பாற்றியது உண்மை. அதற்குப் பிறகு, அடுத்த தள்ளுபடி வரும் என்று கட்டாமல் இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கெடு தாண்டியது, வட்டி ஏறியது, அடுத்த போகத்துக்குப் புதுக் கடனும் கிடைக்கவில்லை. மீண்டும் நோட்டுக்காரரிடமே போய் நின்றார்கள். தள்ளுபடி வந்தால் வரட்டும். அதைக் கணக்கில் வைத்துக் கடன் வாங்காதீர்கள்.

இரண்டாவது, வங்கியின் கிசான் கிரெடிட் கார்டு, அதாவது உழவர் கடன் அட்டை. 1998-இல் தொடங்கிய திட்டம். 3 லட்சம் வரை 7 சதவீதம். ஒழுங்காகக் கட்டினால் 3 சதவீதம் கழிந்து 4 சதவீதம். நம் அறுபதாயிரத்துக்கு ஐந்து மாத வட்டி 1,000 ரூபாய். சொசைட்டியின் பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் அதிகம், வியாபாரியின் பன்னிரண்டாயிரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வங்கியின் நாலு ஒரு வருடத்துக்கு. நோட்டுக்காரரின் நாலு ஒரு மாதத்துக்கு. "ரெண்டும் நாலுதானே" என்று ஒரு பெரியவர் என்னிடம் உண்மையாகவே கேட்டார். அவர் மேல் தப்பில்லை. நம் ஊரில் வட்டி என்றாலே மாதக் கணக்குதான்.

அட்டையின் பெரிய வசதி அதன் வரம்பு. பயிர்ச் செலவோடு, அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் வீட்டுச் செலவுக்குமாக 10 சதவீதமும், பம்புசெட், கருவி பராமரிப்புக்கு 20 சதவீதமும் சேர்த்து வரம்பு போடுவார்கள். ஐந்து வருடத்துக்குச் செல்லும். ஒரு தடவை கிடைத்துவிட்டால் வருடா வருடம் புதிதாக அலைய வேண்டாம். தேவைப்படும்போது எடுத்து, பணம் வந்ததும் போட்டு வைத்தால் எடுத்த நாட்களுக்கு மட்டும்தான் வட்டி. 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் வரையிலான விவசாயக் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதற்கு முன் அந்த வரம்பு 1.6 லட்சம். கிளையில் "பத்திரம் கொண்டு வாங்க" என்றால் இந்த விதியைப் பணிவாக நினைவூட்டுங்கள்.

நிலமும் ஆவணமும் தெளிவாக இருப்பவர், இரண்டு மூன்று பயிர் வைப்பவர், மாடு வளர்ப்பவர் என்றால் அட்டையைச் சொல்வேன். 2018-19 முதல் கால்நடைக்கும் மீன்வளர்ப்புக்கும் இதை நீட்டித்திருக்கிறார்கள். ஒரே பயிர், ஒரு போகம், ஊரிலேயே சங்கம் என்றால் சொசைட்டி போதும். ஒரே பயிருக்கு இரண்டு இடத்திலும் கடன் வாங்கலாமே என்ற யோசனை மட்டும் வேண்டாம். ஆதாரும் அடங்கலும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், மாட்டிக்கொள்வீர்கள்.

இடையில் ஒரு விளக்கம். "நபார்டில் கடன் வாங்கித் தர்றேன்" என்று யாராவது கமிஷன் கேட்டால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். 1982 ஜூலை 12-இல் தொடங்கிய நபார்டு (வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கி) தனி விவசாயிக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. கூட்டுறவு வங்கிகளுக்கும் மற்ற வங்கிகளுக்கும் மறுநிதி கொடுப்பது அதன் வேலை. மானியத் திட்டங்களில் நபார்டின் பெயர் வந்தாலும் விண்ணப்பம் வங்கி வழியாகத்தான் போகும்.

மூன்றாவது நகைக்கடன். இதைப் பற்றிப் பலர் இளக்காரமாகப் பேசுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. 10 சதவீத வட்டி என்றே வைத்தாலும் அறுபதாயிரத்துக்கு ஐந்து மாதத்தில் 2,500 ரூபாய்தான். காலையில் போனால் மதியம் பணம். சொசைட்டிப் பணம் வருவதற்குள் நடவு போய்விடும் என்ற நிலையில், வியாபாரியிடம் கை நீட்டுவதைவிட அம்மாவின் சங்கிலியை வங்கியில் வைப்பது எவ்வளவோ மேல். வங்கியில் அல்லது சொசைட்டியில் வைக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வீட்டுப் பெண்ணின் சம்மதத்தோடு வைக்க வேண்டும் என்பதையும்.

நான்காவது வாசல், நோட்டுக்காரர். அவரைப் பற்றிச் சொல்லியாயிற்று.

முதல் இரண்டு வாசலிலும் இடம் கிடைக்காமல் வெளியே நிற்பவர் குத்தகைக்காரர். உண்மையில் சேற்றில் இறங்குபவர் அவர். அடங்கலில் பெயர் வேறொருவருடையது. வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்பவருக்குச் சான்று கொடுக்க நில உரிமையாளர் பயப்படுகிறார், பதிவு செய்தால் நிலம் போய்விடுமோ என்று. இவர்களுக்கென்று இருப்பது கூட்டுப் பொறுப்புக் குழுக் கடன். நாலு முதல் பத்துப் பேர் சேர்ந்து ஒருவருக்கு ஒருவர் பொறுப்பேற்றுக் குழுவாக வங்கியில் வாங்குவது. நிலப் பத்திரம் வேண்டாம். ஆனால் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் பதில் சொல்ல வேண்டும்; ஆள் தேர்வில் சொந்தம், சாதி பார்க்காமல் கட்டுகிற ஆளா என்று மட்டும் பாருங்கள். கிளை மேலாளர் ஆர்வமாக இருந்தால் நடக்கும், இல்லாவிட்டால் இழுக்கும். இதற்கு மேல் நல்ல வழி குத்தகைக்காரருக்கு இன்னும் அமையவில்லை என்பதை வேதனையோடுதான் எழுதுகிறேன்.

காப்பீட்டைக் கடனோடு சேர்த்தே முடித்துவிடுங்கள். பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் விவசாயி கட்டும் பங்கு காரிஃப் பருவத்துக்கு (ஜூனையொட்டி விதைப்பது) 2 சதவீதம், ராபிக்கு (அக்டோபரையொட்டி விதைப்பது) 1.5, வணிக மற்றும் தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5. 2020 காரிஃப் முதல் கடன் வாங்கியவருக்கும் இது கட்டாயமில்லை. "சொசைட்டியில பிடிச்சிருப்பாங்க" என்று நினைத்து இருந்துவிடாமல் ரசீதைக் கேட்டு, அதில் சர்வே எண் சரியா என்று வீட்டுக்கு வருமுன் படித்துப் பாருங்கள்.

விற்பனை: பயிருக்கு ஒரு வாசல்

கடன் வாங்கும்போது சொசைட்டியா வங்கியா என்று ஆளைப் பொறுத்து மாறும். விற்கும்போது பயிரைப் பொறுத்து மாறும்.

நெல் என்றால் அரசே வாங்கும் நேரடி கொள்முதல் நிலையம். 2025-26 பருவத்தில் 40 கிலோ மூட்டைக்குப் பொது ரகம் 1,000 ரூபாய், சன்ன ரகம் 1,018; குவிண்டாலுக்கு 2,500-ம் 2,545-ம். பணம் வங்கிக் கணக்குக்கு வரும். விலையில் இதை வெல்லும் வாசல் பெரும்பாலான வருடங்களில் இல்லை. ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழை நேரத்து அறுவடையில் இது கொடுமையான எண். இயந்திரத்தில் அறுத்த நெல்லை அள்ளிப் பார்த்தால் கையில் ஒட்டும்; பல்லில் கடித்தால் "நறுக்" என்று முறியாமல் நசுங்கும். அதைச் சாலையில் கொட்டி, காலால் சால் போட்டுக் கிளறி, மேகம் கூடினால் தார்ப்பாய் மூடி, விலகினால் திறந்து, இரண்டு பகல் ஓடிவிடும். சில வருடங்களில் மத்திய அரசு ஈரப்பத வரம்பைத் தளர்த்தியிருக்கிறது. குழு வந்து பார்த்து, உத்தரவு வருவதற்குள் களத்திலேயே முளைத்த நெல்லும் உண்டு.

அதனால் நெல்லுக்கு என் கணக்கு இப்படி: காயப்போட இடமும் ஆளும் இருந்தால், ஐந்தாறு நாள் வரிசையில் காத்திருக்கக் கைப்பணம் இருந்தால், கொள்முதல் நிலையம். இல்லாவிட்டால் 100, 150 குறைந்தாலும் வியாபாரியிடம் கொடுத்துவிடுவதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் அது அன்றைய விலைக்குப் பேரம் பேசி, இரண்டு பேரிடம் கேட்டுக் கொடுப்பதாக இருக்க வேண்டும். முன்பணம் வாங்காதவர்தான் இரண்டாவது ஆளைக் கேட்க முடியும்.

நிலக்கடலை, மஞ்சள், பருத்தி, எள், கொப்பரை, மக்காச்சோளம் என்றால் அரசு மேற்பார்வையில் ஏலம் நடக்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். ஊரில் "கமிட்டி". 1933-இல் சென்னை மாகாணத்தில் இதற்கான சட்டம் வந்து, 1936-இல் திருப்பூரில் பருத்திக்காக முதல் கூடம் திறந்தது. இன்னும் எத்தனையோ விவசாயிகள் அந்த வாசலை மிதித்ததே இல்லை என்பது எனக்கு ஆற்றாமை தரும் விஷயம். அங்கே விவசாயியிடம் கமிஷன் கிடையாது. சந்தைக் கட்டணம் 1 சதவீதம், அதையும் வாங்கும் வியாபாரிதான் கட்டுகிறார்.

ஏலம் எப்படி நடக்கும் என்று போய்ப் பார்த்தால் பயம் போய்விடும். மூட்டைகளைக் கொண்டுபோய் இறக்கியதும் எடை போட்டு லாட் எண் கொடுப்பார்கள். ஒரு மூட்டையின் வாயைத் திறந்து மாதிரியைக் கொட்டி வைப்பார்கள். வியாபாரிகள் ஒவ்வொருவராக வந்து அள்ளிப் பார்ப்பார்கள். கடலையை உடைத்து உள்ளே பருப்பு நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். மஞ்சளை முறித்து நிறம் பார்ப்பார்கள். பிறகு அந்த லாட்டுக்கு என்ன விலை என்று சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இதுதான் மறைமுக ஏலம். நேரம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து, கூடுதல் விலை எழுதியவருக்கு அந்த லாட். விலை பிடிக்காவிட்டால் "வேண்டாம்" என்று சொல்லிவிடும் உரிமை விவசாயிக்கு உண்டு. முதல் தடவை போனபோது அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு என் நாக்கு எழவில்லை. நோட்டுக்காரரிடம் ஒருநாளும் சொல்ல முடியாத சொல் அது.

குறை இல்லாமல் இல்லை. ஐந்தாறு வியாபாரிகள் மட்டும் வரும் சிறிய கூடத்தில் சீட்டு எழுதுவதற்கு முன்பே வெளியே டீக்கடையில் விலை பேசி முடிந்திருக்கலாம். அதனால் ஈரோடு, பெருந்துறை, விழுப்புரம், செஞ்சி போல வரத்தும் வியாபாரிகளும் கூடுதலாக உள்ள இடத்துக்கு வாடகை கொடுத்துப் போவது பல நேரம் கட்டுப்படியாகும். 2016 ஏப்ரலில் தொடங்கிய மின்னணு தேசிய வேளாண் சந்தையில் சேர்ந்த கூடம் என்றால் வெளியூர் வியாபாரியும் விலை போட வழி இருக்கிறது.

இந்தக் கூடத்தின் இன்னொரு வசதியை எங்கள் பக்கத்தில் பத்துக்கு எட்டுப் பேர் அறியவில்லை. அதுதான் பொருளீட்டுக் கடன். விலை இறங்கியிருக்கும் அறுவடைக் காலத்தில் விற்காமல், கூடத்துக் கிடங்கில் மூட்டைகளை வைத்து அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை கடன் வாங்கலாம். வட்டி 5 சதவீதம், காலம் 180 நாள். ஒரு லட்சம் பெறும் கடலையை வைத்து 75,000 வாங்கினால் நாலு மாதத்துக்கு வட்டி 1,250 ரூபாய். இந்தப் பணத்தைக் கொண்டு சொசைட்டிக் கடனைக் கெடுவுக்குள் கட்டிவிடலாம், வட்டி பூஜ்யம் என்ற சலுகை நிற்கும். பொருளும் நம்முடையதாகவே இருக்கும், விலை ஏறும்போது அங்கேயே ஏலத்தில் விடலாம். கடன் வாங்கிய வாசலும் விற்கும் வாசலும் நம் பக்கம் பேசுவது இந்த ஒரு இடத்தில்தான் நான் பார்த்தது. விலை ஏறாமலும் போகலாம், அதையும் சொல்ல வேண்டும். அதனால் எல்லா மூட்டையையும் வைக்க மாட்டேன். பாதியை அன்றைக்கே விற்று, பாதியை வைப்பேன். காயாத சரக்கையும் வைக்க மாட்டேன், பூஞ்சை பிடித்தால் கடலைக்கு விலையே கிடையாது.

காய்கறிக்கு வேறு கணக்கு. கத்தரிக்காய் 180 நாள் காத்திருக்காது. இங்கே உழவர் சந்தையா, கமிஷன் மண்டியா என்பதுதான் கேள்வி. 1999 நவம்பர் 14-இல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தது. அடையாள அட்டை வாங்கினால் கடைக்கு வாடகை இல்லை, தராசும் அங்கேயே கொடுக்கிறார்கள். விலை மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக நிர்ணயமாகும். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் விடியுமுன் எழுந்து, கீரைக்கட்டைத் தண்ணீர் தெளித்து ஈரச்சாக்கில் சுற்றி, முதல் பேருந்துக்கு ஓடி, வெயில் ஏறும்வரை உட்கார்ந்து விற்க வேண்டும். வீட்டில் ஒரு ஆளின் அரைநாள் அதற்கே. அரை ஏக்கரில் ஐந்து வகைக் காய், கீரை போடும் குடும்பத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. தினம் காசு கையில் நிற்கும். இரண்டு ஏக்கர் முழுக்கத் தக்காளி போட்டவர் ஒரே நாளில் முப்பது பெட்டியை அங்கே உட்கார்ந்து விற்க முடியாது. அவருக்கு ஒட்டன்சத்திரம் போன்ற மண்டிதான். நூற்றுக்குப் பத்து என்ற கமிஷனைத் தெரிந்தே கொடுக்க வேண்டியதுதான். அங்கேயும் நான் சொல்வது ஒன்றே: கமிஷன் கொடுங்கள், முன்பணம் வாங்காதீர்கள். முன்பணம் இல்லாதவர் நாளைக்கு அடுத்த கடைக்குப் பெட்டியை இறக்கலாம்.

சேர்ந்து செய்வது

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் அது மெதுவான வாசல். 2002-இல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு இடம் கொடுத்தார்கள். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் தனி உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்குதான். 2020 பிப்ரவரியில் மத்திய அரசு 10,000 நிறுவனங்கள் அமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது: மூன்று வருடத்துக்கு நிர்வாகச் செலவாக 18 லட்சம் வரை, உறுப்பினர் போடும் பங்குத் தொகைக்கு ஈடாகத் தலைக்கு 2,000 வரை, நிறுவனத்துக்கு 15 லட்சம் வரை. தமிழ்நாட்டில் 2017-18-இல் கூட்டுப் பண்ணையத் திட்டம் வந்தது. நூறு விவசாயிகள் கொண்ட குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள், பலர் டிராக்டர், விதைப்புக் கருவி வாங்கினார்கள்.

பணம் கிடைத்தது. எல்லா இடத்திலும் அது வியாபாரமாக மாறவில்லை. நான் போய்ப் பார்த்த ஒரு நிறுவனத்தில் சுவர் முழுக்கத் திறப்புவிழாப் படங்கள், உள்ளே பூச்சி மருந்து அலமாரி. உறுப்பினரிடமிருந்து ஒரு மூட்டை கடலைகூட வாங்கியதில்லை. இன்னொரு இடத்தில் படம் ஒன்றும் இல்லை; முன்னறையில் ஈரப்பதக் கருவி, எடைமேடை, சுவரில் அன்றைய விலை எழுதிய கரும்பலகை. இரண்டாவது இடத்தில்தான் நான் பங்கு போட்டேன். சேருவதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டியதும் அதுதான்: போன போகத்தில் உறுப்பினரிடமிருந்து எத்தனை குவிண்டால் வாங்கினீர்கள், பணம் எத்தனை நாளில் கொடுத்தீர்கள்? இரண்டுக்கும் பதில் வரவில்லை என்றால் உரம் வாங்க மட்டும் போங்கள்.

மதிப்புக்கூட்டலுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு பெயர்களை மட்டும் சொல்கிறேன்; இப்போதும் நடப்பில் இருக்கின்றனவா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டோடு சேர்ந்த சிறிய செக்கு, மசாலா அரைப்பு, தின்பண்டம் என்றால் பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம். கிடங்கு, குளிர்பதன அறை, தரம்பிரிக்கும் கூடம் போலப் பெரியது என்றால் 2020-இல் வந்த வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி வரையிலான கடனுக்கு ஏழு வருடம் 3 சதவீத வட்டி மானியம். முதலாவது தனி ஆளுக்குப் பொருந்தும். இரண்டாவதைத் தனியாகச் செய்யாமல் நடக்கிற உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றோடு செய்வதே நல்லது. கிடங்கைக் கட்டுவதைவிட அதை நிரப்புவது கடினம்.

ஆலோசனைக்கு வேளாண் அறிவியல் நிலையம் போங்கள். நாட்டின் முதல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கியது; இப்போது பெரும்பாலான மாவட்டங்களில் இருக்கிறது. நோய் பிடித்த செடியை வேரோடு பிடுங்கி ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோனால் பார்த்துச் சொல்வார்கள். மருந்துக்கடைக்காரர் விற்பதற்குச் சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியும். போக முடியாதவர் 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்தில் தமிழிலேயே கேட்கலாம்.

இப்போது எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம் என்று கேட்டால்: சித்திரையிலேயே அடங்கல் வாங்கி சொசைட்டியில் மனு கொடுத்துவிடுகிறோம், பணம் நடவுக்கு முன் வந்துவிடுகிறது. அவசரத்துக்கு அட்டை என் பெயரில் இருக்கிறது. நெல் கொள்முதல் நிலையத்துக்கு, கடலை கமிட்டிக்கு. போன தடவை அறுப்பன்று பழைய வியாபாரி வழக்கம்போல் வந்தார். அப்பா அவரை உட்கார வைத்து மோர் கொடுத்தார். "இன்னைக்கு என்ன வெலை போடுவீங்க தம்பி?" என்று கேட்டார். முப்பது வருடப் பழக்கத்தில் அப்பா அவரிடம் விலை கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் கொஞ்சம் யோசித்து, 2,400 என்றார்.